பிரவுணியின் இரத்தமும் ரூபனின் காய்ச்சலும்

எங்கள் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன கிழமை என்னை வழிமறித்துக் கேட்டார். "டொக்டர், ஓடியாடித் திரியிற நாய்க்கு என்னத்துக்கு இரத்தம் எடுக்கிறம்? சனம் சிரிக்குது."

நான் ஓய்வு பெற்றவள். எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள். நோயை முன்கூட்டியே அறியத்தான் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். போன பிறகு அந்தப் பதில் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அது பிழையான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில். முன்கூட்டியே அறிந்தபின் என்ன செய்வது என்ற மற்றப் பாதியை நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரத்தம் எடுப்பது, குழாயில் விடுவது, இயந்திரத்தில் வைப்பது எல்லாவற்றையும் ஆய்வுகூடத்தில் றஜனி உங்களுக்குக் காட்டுவார். நான் சொல்லப்போவது எண்கள் கடதாசியில் வந்து விழுந்த பிறகு நடக்கும் விஷயம்.  

நான் இங்கே வேலையில் இருந்தபோது, மாரி மழை ஓய்ந்திருந்த காலம். தோட்டங்களில் வெள்ளம் இன்னும் வற்றவில்லை. புத்தூரிலிருந்து சுகந்தி என்ற பெண் தன் நாயை ஓட்டோவில் கொண்டுவந்தார். முன்பள்ளி ஆசிரியை. நாயின் பெயர் பிரவுணி. இரண்டு வயது, மண்ணிறம், யாரைக் கண்டாலும் வாலோடு சேர்த்து இடுப்பையும் ஆட்டுகிற சாதி. குட்டி போடாமல் இருக்கக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று கொண்டுவந்திருந்தார்.

"இவர்தான் கொண்டு வாறதெண்டு இருந்தவர், டொக்டர். காய்ச்சல் எண்டு படுத்திட்டார்" என்று தன் கணவரைப் பற்றிச் சொன்னார் சுகந்தி. தான் தனியாக வந்து நாயோடு மல்லுக்கட்டுவதற்கு ஒரு சமாதானம் போல அதைச் சொன்னார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை.

பிரவுணிக்கு இரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் சுகந்தி தயங்கினார். "நல்லாச் சாப்பிடுறாள். விளையாடுறாள். இதுக்கும் இரத்தம் எடுக்கோணுமோ?"

"மயக்க மருந்து குடுக்கிறதெண்டால் உள்ளுக்கு எப்பிடி இருக்குது எண்டு பாக்கோணும், பிள்ளை. வெளியாலை பாத்துச் சொல்லேலாது."

மேசையில் ஏற்றியபோது பிரவுணி பயத்தில் சலம், அதாவது சிறுநீர், விட்டுவிட்டாள். சுகந்தி வெட்கப்பட்டார். நாங்கள் துடைத்தோம். இரத்தம் எடுத்து முடியவும் மின்சாரம் நின்றது. காத்திருக்க வேண்டாம், முடிவு வந்ததும் போன் எடுக்கிறேன் என்று சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டேன்.

மின்சாரம் வந்து முடிவும் வந்தபோது றஜனி கடதாசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பிளேற்லெட் குறைஞ்சிருக்கு, டொக்டர். உண்ணிக் காய்ச்சல்தான். ஒப்பரேசனைத் தள்ளிப் போடுவம்."

எங்கள் ஊர் நாய்களில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். வெளியே சுகமாகத் திரியும். இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். றஜனி சொன்னதில் பிழை இல்லை. நானும் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு கடதாசியின் கீழ்ப்பகுதியைப் பார்த்தேன். சிறுநீரக அளவுகள் கூடியிருந்தன. நிறைய இல்லை. ஈரலின் அளவுகளும் கூடியிருந்தன. அதுவும் நிறைய இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வயது நாயில் பிளேற்லெட் இறங்க, சிறுநீரகமும் ஈரலும் ஒரே நேரத்தில் அசைவது எனக்குப் பிடிக்கவில்லை. மிச்ச இரத்தத்தைத் திரும்பவும் ஓட்டச் சொன்னேன். அதே எண்கள்தான் வந்தன.

"மேசையைத் துடைக்கேக்கை கையுறை போட்டிருந்தனீரோ?" என்று றஜனியைக் கேட்டேன்.

"ஓம். ஏன் டொக்டர்?"

"எண்டாலும் இன்னொருக்காக் கையைக் கழுவும். மேசையையும் நிலத்தையும் மருந்து போட்டுக் கழுவுவம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எலிக்காய்ச்சலோ?"

"தெரியாது."

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. எலிக்காய்ச்சல் என்றால் எலியின் சலம் கலந்த வெள்ளத்திலிருந்து வருகிற கிருமி. நாயையும் பிடிக்கும், மனிதரையும் பிடிக்கும். நோயுள்ள நாயின் சலத்திலிருந்தும் மனிதருக்கு வரலாம். உறுதிப்படுத்துவதற்கு இரத்தத்தைத் தெற்கே ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர நாளெடுக்கும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு நாங்கள் கொடுக்கிற மாத்திரை எலிக்காய்ச்சலுக்கும் கேட்கும். நான் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதி, மாத்திரையைக் கொடுத்து, தேநீர் குடிக்கப் போயிருந்தால் பிரவுணி பெரும்பாலும் பிழைத்திருப்பாள். என் நோயாளிக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்தவளாகவும் இருந்திருப்பேன். பெயர் மாறினால் நாய்க்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் அந்த வீட்டில் படுத்திருக்கிற மனிதனுக்குத்தான்.

அவனை நான் பார்த்ததுகூட இல்லை. அவன் காய்ச்சல் எந்தக் காய்ச்சலோ. நான் மாடு, ஆடு, நாய், பூனைக்கு வைத்தியம் செய்கிறவள். நான் சொன்னது பிழையாய்ப் போனால் ஒரு குடும்பத்தைச் சும்மா பதற வைத்தவள் ஆவேன். பயத்தில் நாயை அடித்துக் கொன்றாலும் கொல்வார்கள், அல்லது சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கடற்கரையில் விடுவார்கள். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் அறைக்குள் நடந்தேன். வெளியே வந்து வீதியைப் பார்த்தேன். திரும்பவும் உள்ளே போனேன். காத்திருந்த ஒருவர் தன் பூனைக்கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "டொக்டருக்கு என்ன, சுகமில்லையோ?" என்று றஜனியைக் கேட்டது என் காதில் விழுந்தது.

கடைசியில் சுகந்தியின் இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். ஓர் ஆண்குரல் பேசியது. சுகந்தியின் கணவர் ரூபனின் அண்ணன், பெயர் சிவம், பக்கத்து வளவில் இருக்கிறவர். சுகந்தி குளிக்கிறாள், என்னவென்று தன்னிடம் சொல்லச் சொன்னார். நான் நாயின் இரத்தச் சோதனைப் பெறுபேறு பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"நாய்க்குச் சுகமில்லையெண்டால் மருந்தைக் குடுங்கோவன், டொக்டர்."

"அது சரி. வீட்டிலை தம்பிக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டன். எத்தினை நாளா?"

"அது மூண்டு நாலு நாளாக் கிடக்குது. டொக்டரிட்டைக் காட்டினது. டெங்குவா இருக்கலாம், இரத்தம் சோதிக்கச் சொன்னவர். இண்டைக்குக் கொஞ்சம் காய்ச்சல் குறைவு. ஏன் கேக்கிறியள்?"

"இந்த நாய்க்கு எலிக்காய்ச்சலோ எண்டு எனக்குச் சந்தேகம். அதாலை தம்பியை ஒருக்கா ஆஸ்பத்திரியிலை..."

"நாயின்ரை வருத்தம் மனிசனுக்கு வருமோ? என்ன கதை உது?" குரல் தடித்தது. "நீங்கள் நாயைப் பாருங்கோ, டொக்டர். என்ரை தம்பியைப் பாக்க ஆள் இருக்குது." வைத்துவிட்டார்.

அவர் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாயைப் பார்க்கிற ஒருத்தி, தன் தம்பியையும் நாயையும் ஒரே வசனத்தில் வைத்துப் பேசினால் எந்த அண்ணனுக்குத்தான் பொறுக்கும். ஆனால் "காய்ச்சல் குறைவு" என்று அவர் சொன்னதுதான் என்னை உறுத்தியது. காய்ச்சல் இறங்கிய பிறகுதான் உள்ளே சிறுநீரகம் போகத் தொடங்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். திரும்பப் போன் எடுத்தால் எடுக்க மாட்டார்கள். பூனைக்கூடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, றஜனியிடம் கிளினிக்கை விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். நாய்க்கு ஊசி போட வந்ததாகச் சொல்வது என்று வழியில் முடிவு செய்தேன். அது பொய்யும் இல்லை. ஊசியைக் கையோடு கொண்டுபோனேன்.

வீடு பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே, ஒரு குறுகிய ஒழுங்கையில். ஒழுங்கை முழுக்கச் செம்மண் சேறு. படலையைத் திறந்ததும் பிரவுணி ஓடிவந்து என் மேல் பாய்ந்தாள். பின்னால் அவர்களுடைய சின்னப் பெண்பிள்ளை, வெறுங்காலோடு. நாய் நின்ற அதே ஈரத்தில் பிள்ளையும் நின்றது. நான் பிள்ளையைத் தூக்கி வாசல் படியில் இருத்தினேன்.

ரூபன் உள்ளே கட்டிலில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோட்டம் செய்கிற உடம்பு. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. பீளை இல்லை, நீர் வடியவில்லை, வெறும் சிவப்பு. சுகந்தி பதற்றத்தோடு கதிரையை இழுத்துப் போட்டார். சிவம் வாசலை மறித்தபடி நின்றார்.

"நான் மனிசருக்கு வைத்தியம் செய்யிற ஆள் இல்லை" என்று முதலே சொன்னேன். "தம்பிக்கு என்ன வருத்தம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லவும் கூடாது. ரெண்டு மூண்டு கேள்வி கேக்கிறன். பதில் சொல்ல விருப்பமில்லையெண்டால் எழும்பிப் போயிடுறன்."

ரூபன் தலையாட்டினார்.

"தோட்டத்து வெள்ளத்துக்குள்ளை நிண்டனீங்களோ?"

"ஓம். பீற்றூட் பாத்தி வெள்ளத்துக்குள்ளை தாண்டு போச்சுது. வாய்க்கால் வெட்டி விட்டனான். ரெண்டு மூண்டு நாள் அதுக்குள்ளைதான்."

"நாயும் வந்ததோ?"

"அவள் எங்கை போனாலும் பின்னாலை வருவாள்."

"கால் உளைவு இருக்கோ?"

"கெண்டைக்கால் ரெண்டும் தொடேலாது. வேலை செய்த உளைவு எண்டு நினைச்சன்."

அடுத்த கேள்விக்கு நான் கொஞ்சம் தயங்கினேன். அறிமுகமில்லாத பெண், அண்ணனுக்கும் மனைவிக்கும் முன்னால் கேட்கிற கேள்வி இல்லை. "சலம் ஒழுங்காப் போகுதோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். சுகந்தி, "போகுதுதானே?" என்றார்.

"நேற்றுக் கொஞ்சம் போனது" என்றார் ரூபன். "இண்டைக்குப் போகேல்லை."

"எனக்குச் சொல்லேல்லையே" என்றார் சுகந்தி.

"உதையும் சொல்லுறதோ?"

நான் எழுந்தேன். "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. நாளைக்கு இல்லை. இப்ப."

சிவம் அசையவில்லை. அவர் பிரவுணியைப் பார்த்தார். "இந்தச் சனியனாலைதானே. முதல் இதை எங்கையாவது கொண்டுபோய் விடுறன்."

"அத்தான், அவள் என்ன செய்தவள்?" என்று சிவத்தைக் கேட்டபடி சுகந்தி அழத் தொடங்கினார். பிள்ளை தாயைப் பார்த்து அழுதது. ரூபன் எழும்பப் பார்த்து, காலைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் இருந்தார். நாயை யார் பார்ப்பது, யார் விட்டது, யார் வளர்க்க வேண்டாம் என்று சொன்னது என்று மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த மனிதருக்குச் சலம் போகவில்லை. இவர்கள் நாயைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். யாரில் பிழை என்று விளக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. நாய் கொடுத்ததா, வெள்ளம் இருவருக்கும் கொடுத்ததா என்று எனக்கும் தெரியாது.

"சிவம்" என்றேன். போனில் அவர் பெயரைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. "நாயை நான் கொண்டு போறன். சுகமாகும் வரைக்கும் என்னட்டை இருக்கட்டும். இந்த வளவுக்குள்ளை இனி அது இல்லை. நீங்கள் தம்பியைக் கொண்டு போங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் சின்னப் பட்டா லொறியின் சாவியை எடுத்தார்.

ரூபனை வாகனத்தில் ஏற்றும்போது சுகந்தியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அங்கை போனவுடனை என்ன சொல்லப்போறீர்?"

"காய்ச்சல் எண்டு."

"இல்லை. காய்ச்சல் எண்டு ஆயிரம் பேர் வருவினம். இப்பிடிச் சொல்லும்: வெள்ளத்துக்குள்ளை நிண்டு வேலை செய்தவர், இண்டைக்குச் சலம் போகேல்லை, வீட்டு நாய்க்கு எலிக்காய்ச்சல் சந்தேகம். எங்கை, சொல்லும் பாப்பம்."

சொன்னார். ஒன்றை விட்டுவிட்டார். திரும்பச் சொல்ல வைத்தேன். வாகனம் ஒழுங்கையால் வெளியேறும்போதும் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

பிரவுணியை என் காரின் பின்னால் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தேன். தனி அறையில் விட்டு, கொண்டுபோயிருந்த ஊசியைப் போட்டேன். அதன் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பூனைக்கு ஊசி போட்டேன், கன்றுக்குட்டி ஒன்றைப் பார்த்தேன், கை தன்பாட்டில் வேலை செய்தது. சுகந்திக்குப் போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டெங்குவாக இருந்தால்? வெறும் காய்ச்சலாக இருந்து, தண்ணீர் குடிக்காததால் சலம் போகாமல் இருந்தால்? வீடு தேடிப் போய் ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டேன் என்ற நினைப்பு ஒரு பக்கம். இன்னும் முந்திப் போயிருக்கலாமே என்ற நினைப்பு மறுபக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓர் ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அடுத்த நாள் சுகந்தி அழைத்தார். குரல் கரகரத்திருந்தது. "தீவிர சிகிச்சைப் பிரிவிலை வைச்சிருக்கினம், டொக்டர். இரத்தத்தைச் சுத்திகரிக்கினம். சிறுநீரகம் நிண்டு போச்சுதாம். நான் மூண்டையும் சொன்னனான். அந்தப் பெரிய டொக்டர் உடனை திரும்பிப் பாத்தவர்."

ரூபனுக்கு எலிக்காய்ச்சல்தான் என்று ஆஸ்பத்திரியில் உறுதிப்படுத்தினார்கள். கிழமைக்கணக்கில் அங்கே கிடந்து, மெலிந்து, தடி ஊன்றி வீட்டுக்கு வந்தார். சிறுநீரகங்கள் திரும்ப வேலை செய்தன. சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் பார்க்க வேண்டியதைப் பார்த்தார்.

நாங்கள் தெற்கே அனுப்பிய பிரவுணியின் பெறுபேறு, ரூபன் ஆபத்தைத் தாண்டிய பிறகுதான் வந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னொரு தடவை இரத்தம் அனுப்பவும் என்று இருந்தது.  அதற்காகக் காத்திருந்தால் ரூபனுக்குக் காலம் கடந்திருக்கும்.

பிரவுணியைக் கூட்டிப்போக வந்தவர் சிவம். வாசலில் செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்.

"நாய் எப்பிடி?" என்றார்.

"மருந்து முடிஞ்சுது. சுகம். எண்டாலும் கொஞ்ச நாளைக்குப் பிள்ளையை நாயின்ரை சலத்துக்குக் கிட்ட விடாதேங்கோ."

"நான் சீமெந்து போட்டு ஒரு கூடு கட்டியிருக்கிறன். கழுவலாம்" என்றார்.  பிரவுணி மேலே பாய்ந்தபோது அவர் விலகவில்லை.

இந்தக் கதையை நான் இதோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். நாய்க்கு ஏன் இரத்தம் எடுக்கிறோம் என்பதற்கு நல்ல பதிலும் கிடைத்திருக்கும். ஆனால் இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவள் ஆவேன்.

அடுத்த மாரியில் மயிலிட்டியிலிருந்து அன்ரன் என்ற மீனவர் தன் நாயைக் கொண்டுவந்தார். கடலுக்குப் போகிறவர், வாய்விட்டுச் சிரிக்கிறவர். எங்களிடம் வருடா வருடம் நாய்க்கு இரத்தம் சோதிக்கிற மிகச் சிலரில் ஒருவர். அன்றைய பெறுபேறு பிரவுணியினுடையதைப் போலவே இருந்தது. வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டேன். தனக்குத்தான் இரண்டு நாளாக உடம்பு சூடு, உளைவு என்றார். இறால் பிடிபடுகிற காலம், படுத்தால் முடியாது என்றார். நான் தனி அறையில் கூட்டிப்போய்த்தான் சொன்னேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போனார். வார்டில் மறித்து வைத்துச் சோதித்தார்கள். எலிக்காய்ச்சல் இல்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல். நாய்க்கும் கடைசியில் உண்ணிக் காய்ச்சல்தான்.

ஆனால் அதற்குள் கதை வெளியே போய்விட்டது. யார் சொன்னதென்று தெரியாது. எலிக்காய்ச்சல் வீடு என்று அவரிடம் மீன் வாங்கச் சனம் தயங்கியதாம். படகில் கூடப் போகிறவர்கள் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளைப் பிடித்தார்களாம். அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"டொக்டர், நாயைப் பாக்கச் சொல்லித்தானே தந்தனான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "என்னைப் பாக்கச் சொன்னனானோ?"

 வருத்தமாக இருக்கிறது, அன்ரன் என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு கிளினிக் பக்கம் வரவில்லை. நாயை வேறு எங்கோ காட்டுவதாகக் கேள்விப்பட்டேன்.

அன்ரனிடம் சொல்லாமல் விட்டிருக்கலாமா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ரூபனின் எண்களும் அன்ரனின் எண்களும், அதாவது அவர்களுடைய நாய்களின் எண்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். எதற்காக ஓடுவது, எதற்காகச் சும்மா இருப்பது என்று அந்த எண்கள் சொல்லவில்லை. அடுத்தவர் வந்தபோதும் வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று நான் கேட்டேன். அதற்கடுத்தவர் வந்தபோதும் கேட்டேன். குரலை இன்னும் தாழ்த்தினேன், கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினேன், அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது. உங்களிடமும் ஒருநாள் அப்படி ஒரு கடதாசி வரும். அன்று உங்களுக்கு நித்திரை வராது. சொன்னாலும் வராது, சொல்லாவிட்டாலும் வராது. சொல்லிவிட்டு நித்திரை வராமல் இருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போன மாதம் பருத்தித்துறைச் சந்தையில் மீன் வாங்கப் போனேன். அன்ரன் நின்றார். ஒரு பெரிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, யாருடைய உதவியும் இல்லாமல், லொறியில் ஏற்றினார். திரும்பியபோது என்னைக் கண்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன். அவர் அடுத்த பெட்டியைத் தூக்கினார். இன்னும் என் மேல் கோபம்தான். ஆனால் ஆள் நல்ல சுகமாக இருந்தார். நான் வேறு ஒருவரிடம் மீனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.